பழைய பஸ் டிரைவர்

“ஷ்ருதின்னு ஒரு ஆபீசரம்மா வீடு இதுதானே?”

மும்பை செம்பூர் காலனியில் இரண்டாம் மாடி, ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்த ராஜலக்ஷ்மிக்கு வந்தவளைத் தெரிந்தது. வாரம் தவறாமல் அவள் பூ வாங்கும் மாட்டுங்கா பூக்கடைக்காரி, தாராவி பார்வதியம்மாள். அவள் பின்னால் காக்கிச் சட்டையில் ஒருவர், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார்.

“எங்க வீட்டுக்காரவுக, அய்யாத்துரை. மினிபஸ் ஓட்டுதாவ. கம்பெனி வண்டி.”

“உள்ளே வாங்கோ. என்ன விஷயம்?”

“நீங்கதான மாமி போன வாரம் சொன்னிய? உங்க மக பழைய பஸ் டிரைவரையெல்லாம் எடுக்கப் போறாவன்னு. இவுகளக் கொஞ்சம் விட்டு வைக்கச் சொல்லுங்க.”

ராஜலக்ஷ்மி உள்பக்கம் திரும்பினாள். “ஏண்டி, நீ அப்படித்தானே சொன்னே?”

ஷ்ருதி அப்படித்தான் சொல்லியிருந்தாள். வண்டிக்குள் இன்ஜினும் பிரேக்கும் விளக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற கம்பிக்கு அவள் தொழிலில் பஸ் என்று பெயர். அந்தக் கம்பியோடு கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று திறந்துவைத்திருக்கும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், அப்படிப்பட்ட டிரைவர்கள் நிறைய உண்டு. அதில், அந்தக் கம்பியை இணைக்கக் கம்ப்யூட்டருக்குள் செருகும் ஒரு பழைய கார்டுக்கான டிரைவரை, இனி யாரும் உபயோகிப்பதில்லை என்று சொல்லி, நீக்கிவிட அனுமதி கேட்டிருந்தாள். முன்பு அவள் அனுப்பிய திருத்தங்கள் எல்லாம் திரும்பி வந்தவை. இது ஒன்றுக்குத்தான், பொறுப்பாளராக இருக்கும் ஜெர்மன்காரர் சரி என்றிருந்தார். யாராவது அந்தக் கார்டை வைத்திருந்தால் சொல்லட்டும், இல்லாவிட்டால் புதன்கிழமை சேர்த்துக்கொள்கிறேன் என்று குழுவுக்கு எழுதியிருந்தார். சேர்த்தால், ஷ்ருதியின் பெயர் முதல்முறையாக கெர்னலுக்குள் போகும்.

இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்கும்வரை அய்யாத்துரை தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“அப்ப அது மனுசன் இல்லயா?”

“இல்ல, அங்கிள். வெறும் நிரல்.”

“கேட்டியா? உன் பேச்சக் கேட்டு லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.”

“நான் என்னத்தக் கண்டேன்? பஸ் டிரைவர்னு சொன்னா யாரு கம்பிய நினைப்பா?” என்றாள் பார்வதியம்மாள்.

ராஜலக்ஷ்மி காபி கொண்டுவந்து வைத்தாள். அய்யாத்துரை ஆற்றிக்கொண்டே, பேச்சுக்காகக் கேட்டார்.

“எங்க டெப்போல வண்டியச் செக் பண்ண ஒரு பழைய டப்பா வச்சிருக்கானுவ. ஆன் பண்ணுனா ஸ்கிரீன்ல ஒரு வாத்து வந்து உக்காரும். அதுவும் உங்க கம்பெனிதானா?”

“வாத்தா?”

“கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. மஞ்சள் மூக்கு.”

ஷ்ருதி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். “அது பென்குயின், அங்கிள். லினக்ஸோட சின்னம். அந்த டப்பாவுக்குள்ள என்ன கார்டு இருக்குன்னு பார்க்க முடியுமா?”

அவர் டெப்போ மெக்கானிக்குக்கு போன் போட்டார். “பைசான் பாய், டப்பா கோலோ. அந்தர் கா கார்ட் கா ஃபோட்டோ பேஜோ.” பிறகு போனை மூடிக்கொண்டு சொன்னார், “அந்த டப்பா ரொம்ப இழுக்குதும்மா. புதுசா லினக்ஸ் ஏத்தணும்னு அவன் சொல்லிக்கிட்டே இருக்கான்.”

படம் வந்தது. பச்சைப் பலகை, மேலே தூசி. ஓரத்தில் அச்சிட்டிருந்த பெயரை ஷ்ருதி பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் நீக்கச் சொன்ன அதே கார்டு.

“புதுசு ஏத்தினா என்னாகும்?” என்றார் அய்யாத்துரை.

“என் திருத்தம் சேர்ந்துட்டா, அந்த டப்பாவுக்கு உங்க வண்டி பேசறது கேட்காது.”

“செக் ஆகாத வண்டிய வெளிய விட மாட்டான். வண்டி நின்னா எனக்கு டூட்டி இல்ல.”

“பாத்தியளா, நான் சொன்னது சரியாத்தான் போச்சு,” என்றாள் பார்வதியம்மாள். “டிரைவரத்தான் எடுக்காவ.”

அவர்கள் போனபின் ராஜலக்ஷ்மி காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள், “உலகத்துக்கே ஒரே ஒரு டப்பா. நீ சொல்லலேன்னா யாருக்குடி தெரியப்போறது?”

“நீதானேம்மா அடுத்த வாரம் பூக்கடைல போய்ச் சொல்வே.”

“நான் எங்கேடி சொல்றேன்? கேட்டா பதில் சொல்றேன்.”

அன்று ராத்திரியே ஷ்ருதி குழுவுக்கு எழுதினாள். என் திருத்தத்தைச் சேர்க்க வேண்டாம், இந்தக் கார்டை உபயோகிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மும்பையில் ஒரு பஸ் டெப்போ. எழுதிவிட்டு அனுப்பாமல் பல் தேய்த்துவிட்டு வந்தாள். பிறகு அனுப்பினாள்.

ஜெர்மன்காரரின் பதில் சுருக்கமாக இருந்தது. சொன்னதற்கு நன்றி. ஆனால் இந்த நிரல் இப்போதிருக்கும் நிலையில் ரொம்ப நாள் தாங்காது. இன்றைய முறைக்கு யாராவது மாற்றி எழுத வேண்டும். நீங்கள் எழுதுகிறீர்களா?

நீக்குவது ஒரு ராத்திரி வேலையாக இருந்தது. மாற்றி எழுத மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அவர் ஏதாவது குறை சொன்னார். முக்கால்வாசி நியாயமான குறை. டெப்போவில் பைசான் டப்பாவில் புதியதை ஏற்றி, அய்யாத்துரையின் வண்டியில் மாட்டிப் பார்த்து, “ஆவாஸ் ஆ ரஹி ஹை, மேடம்” என்று, வண்டி பேசுவது கேட்பதாகச் செய்தி அனுப்பினான். தீபாவளிக்கு முந்தின வாரம் நிரல் சேர்ந்தது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் ஷ்ருதியின் பெயர் இருந்தது.

“பராமரிப்பாளர்னா?” என்றாள் ராஜலக்ஷ்மி.

“இனிமே அந்தப் பழைய டிரைவரைப் பார்த்துக்கறது என் பொறுப்பு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. வாசலில் அய்யாத்துரை. கூடவே இன்னொரு காக்கிச் சட்டை.

“இவன் பூதத்தான், எங்க டெப்போதான். முட்டி வலி. காலை டூட்டியா மாத்தித் தரணுமாம்.”

“அங்கிள், உங்களுக்குத்தான் தெரியுமே!”

“நான் கம்பின்னு சொல்லிப் பாத்துட்டேன்மா, நம்ப மாட்டேங்கான். பழைய டிரைவருக்கெல்லாம் இனிமே இந்தம்மாதான் பொறுப்புன்னு பூக்கடையில பேசிக்கிடுதாவளாம்.”

ஷ்ருதி திரும்பிப் பார்த்தாள். ராஜலக்ஷ்மி காபி போட உள்ளே போய்விட்டிருந்தாள்.