நஜ்வாவின் ஒன்பதாம் வயது

தம்போய் என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அமானுல்லாவின் மகள் நஜ்வாவுக்கு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒன்பது வயதாகவே இருந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் தே தாரிக் தேநீரின் விலை இரண்டு முறை ஏறியது, எதிரே இருந்த டயர் பட்டறை கைமாறியது, அவள் தம்பி சயீத் வலிப்பு வந்து பதினொரு முறை ஆஸ்பத்திரியில் படுத்தான். நஜ்வாவின் பள்ளிச் சீருடை மட்டும் குட்டையாகவில்லை. பிள்ளை துணியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள் என்று அவள் அம்மா மஹ்மூதா நினைத்துக்கொண்டாள்.

அம்மா தம்பியோடு வார்டில் இருக்கும் நாள்களில் நஜ்வா பள்ளி விட்டதும் கடைக்கு வந்து கல்லா ஓரம் உட்காருவாள். ரொட்டி சானாய் தின்ன வருகிற எல்லாரும் அவளிடம் தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்பார்கள். நேற்று இரண்டு நிமிஷம் இழுத்தது, மருந்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அவள் சொல்வாள். இழுப்பு வந்தால் அவனை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும் கடிகாரம் பார்க்கவும் அவளுக்குத் தெரியும். அதனால் அவளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கண்டுபிடித்தவன் சயீத்தான். வார்டிலிருந்து திரும்பிய ஒரு மதியம், கண்ணாடி முன்னால் அவளோடு நின்று தலை சீவியவன் சட்டென்று சீப்பை இறக்கினான்.

"ராத்தா, நான் உன்னைத் தாண்டிட்டேன்" என்று அக்காவிடம் சொன்னான்.

கிளினிக்கில் எலும்பைப் படம் எடுத்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டியதெல்லாம் சரியாக இருக்கிறது, பிறப்புப் பத்திரத்தைத்தான் சரிபார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பத்திரத்தில் பிழை இல்லை.

அடுத்த முறை மகனோடு வார்டுக்கு அமானுல்லா போனார். மஹ்மூதா வீட்டில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நீ எப்படிம்மா இருக்க என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்றாள் நஜ்வா. ஒன்றும் நடக்கவில்லை. மஹ்மூதா எழுந்து போகாமல் அங்கேயே இருந்தாள். வெகு நேரம் கழித்து நஜ்வா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனா எனக்குச் சந்தோஷமா இருக்கும்மா. டிவி ரிமோட் என்கிட்ட வந்துரும். அப்புறம், நான் சந்தோஷப்பட்டதாலதான் அவனுக்கு இழுக்குதோன்னு இருக்கும்."

மஹ்மூதா அதட்டவில்லை, குறுக்கே பேசவில்லை.

"அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

நஜ்வா பேசிக்கொண்டே போனாள். பேசப் பேச அவள் பாவாடை கணுக்காலை விட்டு மேலேறியது, கீழ்வரிசையில் ஒரு பல் ஆடியது. தம்பிக்கு இழுப்பது யாருடைய நினைப்பாலும் அல்ல என்று மஹ்மூதா அவளை மடியில் சாய்த்துச் சொல்லி முடித்தபோது மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். நஜ்வாவுக்குப் பத்து வயது ஆகியிருந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில், பத்திரப்படி பன்னிரண்டு என்பதால், அடையாள அட்டை எடுக்க அழைத்துப் போனார்கள். அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அம்மா தாளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று வருஷம் அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அதனால் நின்றுவிட்டாள் என்று அமானுல்லா விளக்கினார். சிகாமட்டில் தன் தங்கை பதினான்கு வயதில் நான்கு வருஷம் நின்றிருக்கிறாள் என்று அந்த அம்மா சொல்லி, நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தி, நஜ்வாவைப் படம் எடுத்தார்.