கஸ்மிர் வாத்தியார் பார்த்தவை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கஸ்மிர் குன்சாலம் தன் ஆயுளில் நேரில் பார்த்த உயிரினங்கள் எல்லாம், வகைக்கு ஒன்றாக, ஒரு வியாழக்கிழமை காலை அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்த வாரம், போர்னியோத் தீவில் இருக்கும் எங்கள் ஊரான டெலுபிட்டில் முட்டை விலை ஏறியிருந்தது, சிமெண்டு விலை இறங்கியிருந்தது, சண்டக்கான் சாலையில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது. அதனால் மத்தியானம் வரைக்கும் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பார்த்தது அவர் மனைவி மொடெஸ்தா. துணி உலர்த்தப் போனவள், கொடிக்கயிறு நெடுக மீன்கொத்திகளும் தேன்சிட்டுகளும் உட்கார்ந்திருப்பதையும் கயிற்றுக்கு அடியில் ஒரு குட்டை யானை நிற்பதையும் பார்த்துவிட்டு, ஈரத்துணி வாளியோடு உள்ளே திரும்பினாள்.

"ரோவினா அப்பா, உன்னைப் பாக்க வந்திருக்காங்க."

"யாரு?"

"ஒவ்வொண்ணா சொன்னா பொழுது சாஞ்சிடும். நீயே வந்து பாரு."

கஸ்மிரை எங்கள் ஊரில் எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். சருகுமானின் பெயர் வைத்த ஒரு சின்ன மலேசியக் காரில் இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவரிடம் படித்த எங்களில் பலருக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த இன்றுவரை வராது. ஆனால் இருவாச்சியில் எட்டு வகையையும் குரலை வைத்தே சொல்லிவிடுவோம். பாதி வளைவில் "பிரேக், பிரேக்!" என்று கத்துவார். குழந்தை ஏதோ குறுக்கே வந்துவிட்டது என்று நாங்கள் மிதித்தால், கதவைத் திறந்து தொலைநோக்கியோடு இறங்கிப் போய்விடுவார். திரும்பி வந்ததும் முழங்காலில் வைத்து நோட்டில் ஒரு பெயர் எழுதுவார். அதுதான் அவருடைய பட்டியல். உயிரோடு, காட்டில் சுதந்திரமாகத் திரிந்து, தன் கண்ணால் பார்த்ததற்கு மட்டுமே அதில் இடம். மிருகக்காட்சிசாலையில் பார்த்தது சேராது, ரோட்டில் அடிபட்டுக் கிடந்தது சேராது. பேர் எழுதியாகிவிட்டால் அந்த மிருகத்தோடு அவருக்கு வேலை முடிந்தது. அடுத்த தடவை அது எதிரே வந்தால் ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வார்.

இந்தப் பைத்தியம் ஊரில் இன்னொருவருக்கும் இருந்தது. இரும்புக்கடை வைத்திருந்த லியூ தியன் ஃபா. கடை முதலாளி என்பதால் கஸ்மிர் அவரை 'தௌக்கே' என்பார். ஞாயிறுதோறும் சந்தைக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மாட்டுக்கறி நூடுல்ஸ் ஆறிப்போகும்வரை பட்டியலை ஒப்பிடுவார்கள். தங்கள் பிள்ளைகளின் வயதைக் கேட்டால் யோசிப்பவர்கள், அடுத்தவனின் எண்ணிக்கையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அறுநூற்றுச் சொச்சத்தில் கஸ்மிர் எப்போதும் ஒரு கை விரல் அளவுக்கு முன்னால் இருந்தார். அதை வைத்தே அவர் நடையில் ஒரு நிமிர்வு உண்டு.

அவர் பட்டியலில் இல்லாத ஒன்று செம்பூனை. போர்னியோவைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லாத மிருகம் அது. இங்கேயும் அதைப் பார்த்தவர்கள் யாரென்று விசாரித்தால், பார்த்தவரைப் பார்த்தவர்தான் கிடைப்பார். முப்பது வருடமாக விடுப்பு கிடைத்த நாளெல்லாம் கஸ்மிர் அதைத் தேடிக் காட்டுக்குள் போனார். மகள் ரோவினாவின் ஞானஸ்நானத்தின்போது ஒரு மரத்தின்மேல் இருந்தார். மொடெஸ்தாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது வேறொரு மரத்தின்மேல். ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் மொடெஸ்தா சத்தம் போடமாட்டாள். சோற்றை வைத்துவிட்டு, "பூனை கிடைச்சுதா?" என்று மட்டும் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவர் இன்னும் ஒரு நாள் காட்டில் தங்கிவிட்டு வருவதுண்டு.

வந்த மிருகங்கள் அவர் பார்த்த வரிசைப்படியே நின்றன. வாசல் கேட்டில் தொடங்கி, வீட்டைச் சுற்றி, மாதா கோயிலின் பூப்பந்து மைதானம்வரை போயிற்று வரிசை. மனித இனத்துக்கென்று யாரும் வரவில்லை, முதல் இடம் காலியாக இருந்தது. அடுத்தது ஒரு பெட்டைக்கோழி, அப்புறம் ஒரு நாய், ஒரு பல்லி, ஒரே ஒரு கொசு. அவர் சின்ன வயதில் பார்த்து, எப்போதோ செத்துப்போன அதே கோழியும் அதே நாயும்தான். எதுவும் தின்னவில்லை, குடிக்கவில்லை, ஒன்றையொன்று சீண்டவில்லை. மலைப்பாம்பின் சுருளில் சாய்ந்துகொண்டு சருகுமான் நின்றது. எல்லாம் வீட்டைப் பார்த்தபடி, மருத்துவமனையில் டோக்கன் வாங்கியவர்களைப்போலக் காத்திருந்தன. எங்களுக்கு அதில் பயம் ஒன்றும் தோன்றவில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து யானையைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், தள்ளி நின்றது.

லியூ மடக்கு நாற்காலியோடு வந்தார். காலியாக இருந்த மனிதனின் இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்து, கஸ்மிரின் நோட்டை வாங்கி வரிசையோடு ஒத்துப்பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் ஊரே அவர் பின்னால் நின்றது.

"வாத்தியாரே, இங்க தட்டைத்தலைப் பூனைன்னு எழுதியிருக்கே. நிக்கிறது என்ன?"

கஸ்மிர் குனிந்து பார்த்தார். மழையில் நனைந்து மயிர் ஒட்டிப்போன ஒரு மரநாய் நின்றது.

"அன்னிக்கு வெளிச்சம் கம்மி, தௌக்கே."

"சரி. இந்த மலைக்கழுகு?"

அது கோழிக்குஞ்சு தூக்கும் சாதாரணப் பருந்து. தூரம் அதிகம் என்றார் கஸ்மிர். இப்படியே ஒவ்வொன்றாகப் போய், சுமத்ரா காண்டாமிருகத்தில் வந்து நின்றது. சபா மாநிலத்திலேயே கடைசியாக அதைக் காட்டில் கண்டவர் என்று கஸ்மிருக்கு இருந்த பெயரே அதனால் வந்ததுதான். போன திருவிழாவில் அதற்காக மாலைகூடப் போட்டோம். காண்டாமிருகம் நிற்கவேண்டிய இடத்தில், உடம்பெல்லாம் சேறு அப்பி, மூக்கணாங்கயிற்றோடு ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது. கயிற்றின் முடிச்சைப் பார்த்து, அது யார் வீட்டு எருமை என்பதைக்கூடக் கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் இருவாச்சிகள் ஒருதடவை எழும்பி உட்கார்ந்தன. கஸ்மிருக்கு முதலில் காது சிவந்தது. பிறகு எருமையின் முகத்தைப் பார்த்தார். அது அவரையே மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மாலையை இதுக்குப் போட்டிருக்கலாம்பா" என்றார்.

கழித்தது போக லியூ முன்னுக்கு வந்துவிட்டார். நோட்டை மூடி எழுந்திருக்கும்போதுதான், வீட்டுக்குப் பின்னால், மீன் ஊறவைத்த ஜாடிகளுக்குப் பக்கத்தில், வரிசையில் நின்ற ஒரு காட்டு மிருகத்துக்கு நோட்டில் பெயர் இல்லாததைக் கவனித்தார். செங்கல் நிறத்தில், நீண்ட வாலோடு, சின்னக் காதுகளோடு ஒரு பூனை. லியூ நோட்டை மறுபடியும் புரட்டினார். கஸ்மிர் ஜாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதை எங்க பாத்தே, வாத்தியாரே?"

"நான் பாக்கலையே! பாத்திருந்தா சொல்லமாட்டேனா?"

மொடெஸ்தா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இதா? நம்ம ஜாடியில வாய வச்ச பூனை. பக்கத்து வீட்டுச் சனியன்னு சொல்லி செருப்பை விட்டெறிஞ்சியே! மறுநாள் விடியறதுக்கு முன்னாடி மூட்டையைக் கட்டிக்கிட்டு காட்டுக்குப் போனே."

வரிசையில் பூனைக்கு முன்னால் நின்ற தவளையையும் பின்னால் நின்ற மரங்கொத்தியையும் வைத்துக் கணக்குப் போட்டால் வருடமும் சரியாக வந்தது. அதற்கப்புறம் பல மாதங்கள் டெலுபிட்டில் வேறு பேச்சே இல்லை. தெரியாமல் பார்த்தது பார்த்ததாகுமா? செம்பூனையைச் சேர்த்தால் கஸ்மிருக்கும் லியூவுக்கும் எண்ணிக்கை சமம், சேர்க்காவிட்டால் லியூ ஒன்று கூடுதல். கண்ணில் பட்டால் போதும் என்று ஒரு கட்சி, புத்தியில் படவேண்டும் என்று ஒரு கட்சி. செருப்பால் அடித்தபின் சொந்தம் கொண்டாடுவது முறையில்லை என்று பாதிரியார் மட்டும் தனிக் கட்சி. செய்தி பரவி, இதேபோலப் பட்டியல் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள்கூடப் பெரிய பெரிய கேமராக்களோடு வந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று செம்பூனையை ஆசைதீரப் பார்த்தார்கள். பிறகுதான் வீட்டு வளாகத்தில் நிற்பதைப் பட்டியலில் சேர்க்க அவர்கள் விதியில் இடமில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பூனையைச் சாலைக்கு அந்தப் பக்கம், காட்டோரமாய், ஒரு ஐந்து நிமிடம் போய் நிற்கச் சொல்ல முடியுமா என்று கெஞ்சினார்கள். முடியவில்லை. முகம் தொங்கித் திரும்பினார்கள்.

மே மாத அறுவடைப் பண்டிகை நெருங்கியபோது மொடெஸ்தா பொறுமை இழந்தாள். துணி காய இடமில்லை. கழிப்பறைக்குப் போகும் வழியில் முள்ளம்பன்றி. உறவுக்காரர்கள் வந்தால் அரிசிக் கள் ஊற்றிக்கொடுக்கக்கூட முற்றத்தில் கால் வைக்க இடம் கிடையாது.

"பண்டிகைக்குள்ள இதுங்க போகணும். இல்லேன்னா நான் பெலூரான்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். வேடிக்கைக்குச் சொல்லல."

"நானா கூப்பிட்டேன்? எனக்கு மட்டும் இது வேணும்னா?"

"கல்யாணமான நாளிலேர்ந்து உனக்கு இதுதானே வேணும்!"

அவள் குரல் உயராமலே உடைந்தது. கஸ்மிர் முற்றத்துக்கு இறங்கினார். துடைப்பத்தால் விரட்டினார், கார் ஹாரனை அழுத்திப் பார்த்தார், நோட்டில் பெயர்களை அடித்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மொடெஸ்தா பெட்டியை எடுத்துக்கொண்டு பெலூரான் பேருந்தில் ஏறிப் போனாள். அன்று மத்தியானம் கஸ்மிர், போக்கிடம் இல்லாமல், வரிசையின் முதலில் நின்ற பெட்டைக்கோழிக்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்தார். கோழி கண்ணை மூடும்போது கீழிமைதான் மேலே ஏறுகிறது என்பதை ஐம்பத்தெட்டு வயதில் கண்டார். கொண்டையின் ஓரத்தில் பழைய கொத்து ஒன்றின் தழும்பு இருந்தது. மூச்சு விடும்போது வால் மெல்ல ஏறி இறங்கியது. பொழுது சாயும்போது கோழி எழுந்து, சிறகை உதறி, கேட்டைத் தாண்டிப் போயிற்று. அதன்பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

அவர் உடனே பெலூரானுக்கு ஃபோன் போட்டார்.

"மொடெஸ்தா, கோழிக்கு கீழிமை மேல ஏறுது, தெரியுமா?"

"இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

"சாப்பிட்டியா?" என்றாள். அடுத்த பேருந்திலேயே திரும்பி வந்தாள். பண்டிகைக்கு உறவினர்களை ஓராங்குட்டானுக்கும் தேன்கரடிக்கும் நடுவில் பாய் விரித்து உட்காரவைத்தாள்.

அதன்பின் காலையில் கார் பாடம், மத்தியானத்திலிருந்து வாளி. இரண்டு நொடி பார்த்துவிட்டுப் பெயர் எழுதக் குனிந்த ஒவ்வொன்றையும் அவர் முழுசாகப் பார்த்து முடிக்கவேண்டியிருந்தது. முடித்ததும் அது போய்விடும். யானை ஒரு மணி நேரத்தில் திருப்தியாகிப் போயிற்று, சிட்டுக்குருவிக்கு ஒரு மாதம் ஆனது. அட்டையைப் பார்த்து முடிப்பதற்குள் கொஞ்சம் ரத்தமும் செலவானது. ஓராங்குட்டான் அவரைப் பதிலுக்குப் பார்த்த பார்வையில் கூச்சம் வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். யார் யாரைப் பார்த்து முடித்தார்கள் என்பது சொல்ல முடியாதபடி அது எழுந்து போயிற்று. எருமையை அவர் வேண்டுமென்றே நிதானமாகப் பார்த்தார். இவ்வளவு நல்ல எருமையை வெறும் காண்டாமிருகமாக எழுதிவைத்தோமே என்று வருத்தப்பட்டார். இதற்கிடையில் ரோவினாவுக்குக் கல்யாணமாகி, பேரன் பிறந்து, அவன் நடக்கப் பழகி, பள்ளிக்கும் போனான். பேரனின் ஞானஸ்நானத்துக்குக் கஸ்மிர் முன்வரிசையில் இருந்தார். லியூவுக்கு முட்டியில் வாதம் வந்து காட்டுக்குப் போவது நின்றது. கொடிக்கயிறு மறுபடியும் துணிக்கே கிடைத்தது. பல்லி மட்டும் போகவில்லை. அது எப்படியும் அந்த வீட்டில் இருந்திருக்கும்.

கடைசியில் செம்பூனை ஒன்றுதான் மிஞ்சியது. கஸ்மிர் அதை மிச்சம் வைத்துக்கொண்டே வந்திருந்தார். ஒரு சாயங்காலம், குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஜாடிகளுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். காதின் பின்பக்கம் கருமையாக இருப்பதைப் பார்த்தார். வாலின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு ஓடி, நுனியில் கறுப்புப் பொட்டோடு முடிவதைப் பார்த்தார். பூனை எழுந்து முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. கேட் பக்கம் ஒரு கால் வைத்தது.

"வேணாம், வேணாம்! நான் இன்னும் பாக்கவே இல்ல!" என்று கத்தி, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். அடுப்பங்கரையிலிருந்து மொடெஸ்தா ஓடிவந்தாள். பூனை திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது என்று அவள் சொன்ன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து கஸ்மிர் செம்பூனையைப் பார்ப்பதில்லை. பின்வாசலுக்கு வந்தால் சுவர்ப்பக்கமாகத் திரும்பித்தான் உட்காருவார். மழை நாளில் அது வந்து அவர் காலடியில் சுருண்டுகொள்ளும். அவர் கூரையின் துருவை ஆராய்ந்துகொண்டிருப்பார். கழுத்து இடப்பக்கமாகவே நின்றுபோனதால் கார் பாடத்தில் வலப்பக்கம் திரும்பக் கற்றுக்கொடுப்பது சிரமமாகிவிட்டது. இப்போது அவரிடம் படித்து வருகிறவர்கள் இடப்பக்கம்தான் நன்றாகத் திரும்புகிறார்கள்.

"முப்பது வருஷம் தேடின பூனை முதுகுக்குப் பின்னால உக்காந்திருக்கு. நீ சுவத்தைப் பாத்துக்கிட்டு சோறு திங்கிறே" என்றார் லியூ.

"ஆமா, தௌக்கே. நிம்மதியா இருக்கு."

லியூ எழுந்தார். தன் நாற்காலியையும் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மொடெஸ்தாவுக்கு இந்தத் தடை கிடையாது. சாயங்காலத்தில் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே அவள் பூனையைப் பார்ப்பாள், அவர் கேட்பார்.

"என்ன பண்ணுது?"

"முகம் கழுவுது."

"எந்தக் கையால?"

"வலது. இல்ல, இப்ப மாத்திக்கிச்சு."

"கண்ணு?"

"மஞ்சளும் பச்சையுமா இருக்கு. உன்னைத்தான் பாக்குது."

"பாக்கட்டும். அப்புறம்?"

"அப்புறம் என்ன, கொட்டாவி விடுது. நாக்கு சிவப்பா, நுனி சுருண்டு..."

அவள் சொல்லிக்கொண்டே போவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்வார்.