தொட்டித் தண்ணீர் குடித்த பாத்தி

விடிந்தும் விடியாததுமாக, வண்ண மீன் கடைக்காரன் தன் சொந்த வீட்டின் பின்பக்கத்திலேயே திருடனைப் போலக் குந்தியிருந்தான். கையில் நர்சரியில் வாங்கிய கத்திரி நாற்று. பாத்தியில் மஞ்சளடித்துச் சுருண்டு கிடந்த செடியைப் பிடுங்கி மறைத்துவிட்டு, அதே குழியில் புதியதை வைத்து மண்ணை அழுத்தும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"நான் வச்ச நாத்துக்குத் தண்டு பச்சை. இது ஊதாவா இருக்கே?"

மனைவிதான். வாயோரம் பற்பசை நுரையோடு நின்றாள்.

"அது... வெயில் பட்டு நிறம் மாறியிருக்கும்."

"இன்னும் வெயிலே வரலீங்க."

மாடி வீட்டுப் பால்கனியிலிருந்து அவனுடைய அக்காவின் சிரிப்பு. "டேய் கெண்டை, பொய் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகையாவது பாக்கக் கூடாதா?"

மனைவி சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னாடியும் மாத்தினீங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்போ என் கைக்கு ராசியில்லைன்னு நீங்களும் முடிவே பண்ணிட்டீங்க." அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

போன வருடம் அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று அவள் தைத்து வைத்திருந்த குட்டிச் சட்டைகளை அக்காதான் கண்ணில் படாத இடத்தில் எடுத்து வைத்தாள். "உடம்புல ஒரு குறையும் இல்ல, மனசு தெளிஞ்சதும் வாங்க" என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். அவள்தான் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றாள். என் கை பட்டால் எதுவும் தங்காது என்பது அவள் கட்சி. பிறகு ஒருநாள் தானாகவே பின்பக்கம் பாத்தி கட்டி நாற்று வைத்தாள். "இது காய்ச்சா பாக்கலாம்" என்றாள். எதைப் பார்க்கலாம் என்று அவன் கேட்கவில்லை. புரியாமலா இருக்கும்?

அன்றிலிருந்து அந்தப் பாத்தியை அவன் தங்கம் போலத் தாங்கினான். கடையில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது பழைய தண்ணீரைக் கேனில் பிடித்து, ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்து தினமும் ஊற்றினான். மீன் கழிவை விட நல்ல உரம் எங்கே கிடைக்கும்? ஆனாலும் இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய, நடுவெல்லாம் மஞ்சள்.

அன்று கடையில் அவனுக்கு வேலையே ஓடவில்லை. வழக்கம் போலத் தண்ணீரைச் சோதனைக் குழாய்களில் எடுத்துச் சொட்டு மருந்து விட்டான். மீன் வாங்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இந்தப் பெரிய தொட்டித் தண்ணி மட்டும் நீலமா மாறுதே?"

"இது சிக்லிட் மீன் சார். சுண்ணாம்புத் தன்மை உள்ள தண்ணிதான் இதுக்கு ஒத்துக்கும். அதான் அடியில கிளிஞ்சல் போட்டு பி.எச். அளவை ஏத்தி வச்சிருக்கேன். வேற மீனை இதுல விட்டா, என்னதான் தீனி போட்டாலும் தேறாது சார், வாடிப்போயிடும்..."

சொன்னவனின் பார்வை கீழே இருந்த கேனில் போய் நின்றது. அந்தத் தொட்டியின் குழாயிலிருந்துதான் கேன் நிரம்பிக்கொண்டிருந்தது. தினமும் அதே தொட்டிதான். பெரிய தொட்டியாயிற்றே, தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் என்று.

மீன் வாங்க வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு ஷட்டரை இழுத்தான்.

வீட்டில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் பாத்தி மண், இன்னொன்றில் துணி காயப்போடும் கொடிக்கம்பத்தடி மண். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த சொட்டு மருந்தை விட்டான். மனைவி கதவருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா இறங்கி வந்தாள்.

"என்னடா, மண்ணுக்கு ஜலதோஷமா? சொட்டு மருந்து விடறே?"

கொடிக்கம்பத்தடி மண்ணின் தெளிவு பச்சையானது. பாத்தி மண்ணுடையது நல்ல நீலம்.

"ரெண்டும் ஒரே மண்ணுதான்." டம்ளர்களைக் கையில் எடுத்து அவளிடம் நீட்டினான். "கொடிக்கம்பத்துக்கு நான் தண்ணி ஊத்தல. உன் செடிக்கு ஊத்தினேன். தினமும் ஊத்தினேன். அந்தத் தொட்டித் தண்ணியால சுண்ணாம்பு ஏறி, மண்ணுல சத்து இருந்தும் செடியால எடுத்துக்க முடியாமப் போச்சு. உன் கை இல்லம்மா. என் கேன்."

அவள் டம்ளர்களைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அப்போ ராசியில்லாத கை உங்களுதா?"

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அக்கா. "சின்ன வயசுல இவன் ஒட்டின பட்டம் ஒண்ணாவது பறந்திருக்கா கேளு!"

மனைவி சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் அப்படியே அழுகையாகிவிட்டது. இரண்டு கையிலும் டம்ளரோடு அவன் விழித்துக்கொண்டு நின்றான்.

"மக்கு, அதை இப்படிக் குடு" என்று அக்கா டம்ளர்களைப் பிடுங்கிக்கொண்டு, மாடிப்படி இருக்கும் திசையில் வேகமாக நடையைக் கட்டினாள்.

மறுநாள் மண்ணின் சுண்ணாம்புத் தன்மையைக் குறைக்க நர்சரியிலிருந்து கந்தகத் தூள் வாங்கி வந்தான்.

"கொஞ்சமாத்தான் போடணுமாம். அள்ளிக் கொட்டினா வேர் கருகிடுமாம். மண்ணும் உடனே மாறாதாம், சில மாசம் ஆகுமாம்."

"ஆகட்டுமே" என்றாள் அவள். ஊதாத் தண்டு நாற்றைப் பதமாகத் தோண்டி எடுத்து, புது மண் நிரப்பிய பூந்தொட்டிக்கு மாற்றினாள். அவன் பொட்டலத்தைப் பிரித்ததும் கை நீட்டினாள். "நகருங்க. நான் போடறேன். என் கையால."

மஞ்சள் தூளைச் சீராகத் தூவினாள். சின்ன மண்வெட்டியால் கிளறிவிட்டாள். ஒரு மூலையை முடித்து அடுத்த மூலைக்கு நகர்ந்தபோது, நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டாள்.

"டாக்டரம்மா சனிக்கிழமை இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க!" குரல் அவனை மீறிப் பெரிதாக வந்துவிட்டது.

மேலே பால்கனிக் கதவு அவசரமாகச் சாத்தப்பட்டது. "நான் ஒண்ணுமே கேக்கலடா" என்றது உள்ளேயிருந்து அக்காவின் குரல். அது கரகரத்திருந்தது.