லாச்சிக்குள் வைத்த பணியாரம்

"அம்மா, மேசை லாச்சிக்குள்ள என்ன வைச்சனீங்கள்?"

கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே மகள் றொஷானி கேட்டாள். மரியமலர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பயத்தம் பணியாரம்தான் பிள்ளை. வெறும் மேசையை எப்பிடிக் குடுத்துவிடுறது?"

அயலாரின் பாத்திரத்தைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாதவள் அவள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ் எப்படி எழுந்து நின்றது என்று காட்டும் தேசியக் கண்காட்சிக்கு, அந்தக் காலத்து வீட்டுப் பொருட்களை இரவல் கேட்டிருந்தார்கள். மஞ்சள் போமிக்காத் தகடு ஒட்டிய தன் சாப்பாட்டு மேசையைக் கொடுக்க மரியமலர் உடனே சம்மதித்தாள். அதை வண்டியில் ஏற்ற ஆட்கள் வந்தபோது, மேசையின் லாச்சியை இழுத்து ஒரு பை பணியாரத்தையும் உள்ளே வைத்து மூடினாள். திறக்கிறவர்கள் சாப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். கையுறை போட்டுக்கொண்டு திறப்பார்கள் என்று யார் கண்டது?

சாப்பாட்டுக்குப் பூச்சி வரும், மற்றப் பொருட்களும் பழுதாகும், மேசையைத் திருப்பி அனுப்பப் போகிறோம் என்று கண்காட்சிக்காரர்கள் கைபேசியில் சொல்கிறார்களாம்.

மரியமலர் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். சனிக்கிழமை மதாம் லூசியனைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியாயிற்று. முன்பு கீழ்மாடியில் இருந்த மனுஷி. மரியமலர் வீட்டார் பிரான்சுக்குப் புதிதாக வந்து தரையில் வைத்துச் சாப்பிட்டதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் தன் மேசையை மேலே ஏற்றிவிட்டவர். இப்போது தொண்ணூறு தாண்டி, முதியோர் இல்லத்தில். அந்த நன்றியைச் சொல்ல மரியமலரின் பிரெஞ்சு ஒருநாளும் போதவில்லை. மேசைக்குப் பக்கத்தில் மதாமின் பெயரைப் போடச் சொல்லித்தான் அவள் அதைக் கொடுத்ததே.

"உள்ளதைச் சொல்லு பிள்ளை. எங்கட ஆக்கள் வெறுமையாக் குடுக்கிறேல்லை எண்டு சொல்லு."

றொஷானி பிரெஞ்சில் சொன்னாள். மறுபக்கத்தில் சிரிப்புச் சத்தம். மேசையைத் திருப்பி அனுப்பவில்லையாம். துப்புரவாக்கி வைப்பார்களாம், லாச்சியை மட்டும் பூட்டிவிடுவார்களாம். "மெர்சி, மெர்சி!" என்று மரியமலர் கைபேசியைப் பார்த்துக் கத்தினாள். புண்ணியவான்கள், நல்லாயிருக்க வேண்டும்.

சனிக்கிழமை, மதாமின் சக்கர நாற்காலியை றொஷானி தள்ளிவந்தாள். தடுப்புக் கயிற்றுக்கு அப்பால், வெளிச்சத்தில் மேசை நின்றது. பக்கத்து அட்டையில் பெயர் இருந்தது. மதாம் அட்டையைப் பார்க்கவேயில்லை.

"அம்மாவும் அக்காவும் நானும் இதில்தான் சாப்பிட்டோம்," என்றார் பிரெஞ்சில். "ஒருவரும் இல்லை இப்போது."

"நாங்கள் இருக்கிறோம், மதாம்." மரியமலருக்கு அந்த அளவுக்குப் பிரெஞ்சு வந்தது.

மதாம் கையை நீட்டினார். எட்டவில்லை. மூலையில் இருந்த காவலர் எழுந்து வந்தார். மரியமலர் அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கயிற்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"தள்ளு பிள்ளை," என்றாள்.