ராத்திரி ஷிப்ட்டில் சேர்ந்த பாப்பா

பிள்ளை அழுதால் காரணம் தேடலாம். வயிறு வலிக்குதா, எறும்பு கடிச்சுதா, துணி நனைஞ்சுதா என்று தூக்கிப் பார்க்கலாம். வடிவோட பாப்பா அழவில்லை, அதுதான் வம்பு. ராத்திரி ஒன்பது அடித்தால் போதும். கண்ணை உருட்டி விழித்துக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு, எரிகிற பல்பைப் பார்த்து 'ங்கா, ங்கா' என்று பேச ஆரம்பித்துவிடும். கீழே கிடத்தினால் மட்டும் வீல் என்று கத்தும். விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கண் சொருகும். அப்புறம் பகல் முழுக்க அடித்துப் போட்டாற்போலத் தூக்கம். பிறந்து மூன்று மாசமாக இதே கூத்து.

மண்ணூர்பேட்டையில் ஒரே வரிசையில் ஆறு வீடுகள். வீட்டுக்கு ஒரு அறை. நாலாவது வீடு வடிவுடையது. அவள் புருஷன் தசரதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தான். ஏரியெல்லாம் வற்றிப்போன எண்பத்து மூன்றாம் வருஷம் அது. பகலில் கரண்டு வரும், போகும். நம்பி உலை ஏற்ற முடியாது. அதனால் ராத்திரியில்தான் உலை. எட்டு மணிக்குப் போகிறவன் காலை ஆறரைக்கு வருவான், கஞ்சி குடித்துவிட்டுப் படுப்பான். உருகின இரும்பை வாளியில் ஏந்தி அச்சில் ஊற்றுகிற வேலை. தூக்கக் கலக்கத்தோடு போனால் கால் மிஞ்சாது. அவன் தூக்கத்தை வடிவு சாமியைக் காப்பது மாதிரி காத்தாள். ஜன்னலுக்குச் சாக்கு, கதவிடுக்குக்குப் பழந்துணி. சொம்பைக்கூடத் துணி விரித்துத்தான் கீழே வைப்பாள். பேச்செல்லாம் கிசுகிசு. அவன் பாயில், பாப்பா தூளியில், இரண்டு பேரும் ஒரே மாதிரி வாய் பிளந்து தூங்குவார்கள்.

சத்தம் வருகிற வேலையையெல்லாம் அவன் கிளம்பின பிறகு வைத்துக்கொள்வாள். மாவாட்டுவது, பாத்திரம் தேய்ப்பது, வாசலில் துணி அடித்துத் துவைப்பது எல்லாம் அப்போதுதான். துணைக்கு டிரான்சிஸ்டர் பாடும். ஆறாவது வீட்டில் திருடன் ஓட்டைப் பிரித்து இறங்கிக் குடத்தைத் தூக்கிப் போனதிலிருந்து அவளுக்கு இருட்டென்றால் பயம். குண்டு பல்பை விடிய விடிய எரிய விட்டிருந்தாள்.

பாப்பா ஏன் தூங்கவில்லை என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

"கண்ணு பட்டுக்கீதுடி" என்றாள் பூங்காவனம். பக்கத்து வீட்டுக்காரி. பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டாள். "பாத்தியா, நெடியே வரல. அவ்ளோ கண்ணு!"

அன்று ராத்திரியும் பாப்பா 'ங்கா' என்றது.

வசம்பு உரைத்து நாக்கில் தடவச் சொன்னாள் ஒருத்தி. தடவினால் பேச்சு வராது என்றாள் இன்னொருத்தி. தெற்கே தலை வை என்றார்கள், கிழக்கே வை என்றார்கள். வடிவு தூளியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் கயிறு தேய்ந்ததுதான் மிச்சம். திருவேற்காட்டுக்குப் போய் வேப்பிலை அடித்துக்கொண்டு வந்தாள். டாக்டரிடம் போனால், "கொழந்தை நல்லாருக்கும்மா, உனக்குத்தான் ரத்தம் இல்லை" என்று அவளுக்கு டானிக் எழுதிக் கொடுத்தார். பிள்ளை தூங்காததற்குத் தான் ஏன் மருந்து குடிக்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் குடித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் ஸ்டவ்வில் குழம்பை வைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். முந்தானை நெருப்பில் பட்டது. கருகின நாற்றத்துக்குப் பூங்காவனம் ஓடிவந்து இழுத்துப் போட்டாள். முழம் அளவு புடவை போனது. பக்கத்திலேயே தூளி.

சேதி கேட்டு, தசரதனின் அக்கா கெங்கம்மாள் அயனம்பாக்கத்திலிருந்து வந்தாள். புருஷனை இழந்தவள். வயிற்றில் ஒன்று தங்கவில்லை. இரண்டு மாடு வைத்துப் பால் கறந்து ஊற்றுகிறவள். தாயையும் பிள்ளையையும் கையோடு ஏரிக்கரை வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

முதல் மூன்று ராத்திரி அங்கேயும் அதே கதை. நாலாவது ராத்திரி பாப்பா தூங்கியது. ஐந்தாவது ராத்திரி அதைவிட நன்றாகத் தூங்கியது. வடிவு சந்தோஷத்தில் சிரித்தாள். சிரித்த கையோடு கெங்கம்மாள் சொன்ன பேச்சில் அந்தச் சிரிப்பு செத்தது.

"என் ஊட்ல அசையாம தூங்குது. உன் ஊட்ல தூங்கல. இதுக்கு மேல இன்னா ஓணும்? அந்த ஊட்டு ராசி கொயந்தைக்கு ஒத்துக்கல வடிவு. ஒரு வயசு ஆவுற வரிக்கும் என்னாண்ட உடு. மாட்டுப்பால் கீது, நான் கீறேன். நீ நெருப்புல உயுந்து செத்தா அதுக்கு யாரு?"

வடிவு எதை மறுப்பாள்? நெருப்பு பொய்யில்லை, பிள்ளை தூங்கினதும் பொய்யில்லை. அவர்களை அழைத்துப் போக வந்திருந்த தசரதனும் தலையைச் சொறிந்துகொண்டே, "அக்கா சொல்றதுலயும் நாயம் கீது" என்றான். ரெண்டு வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்வது என்று பேச்சு முடிந்தது.

வீடு திரும்பின மூன்றாம் ராத்திரி பாப்பா மறுபடியும் கொட்டக் கொட்ட விழித்தது. அதே பல்பு, அதே சிரிப்பு. அம்மாடி, அந்தத் தாய் மனசு பட்ட பாட்டை என்னவென்று சொல்ல! என் மடியில் முள்ளா இருக்கிறது? பெற்றவளிடம் தூங்காத பிள்ளை அத்தையிடம் தூங்குமா? வடிவு தன் பாலைத் தானே ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை, நடுப்பகல் வெயிலில் கதவு தட்டப்பட்டது. தசரதனின் பவுண்டரியில் பகலில் அச்சு கட்டுகிற நாகப்பன். உலை விரிசல் விட்டிருந்தது, ராத்திரி சீக்கிரம் வரச் சொல்லிச் சேதி. உள்ளே கால் வைத்தவன் தூளியில் மோதி, அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து நின்றான்.

"இன்னா தங்கச்சி இது, கெணத்துக்குள்ள எறங்கின மாரி கீது! எங்க கீறான் அவன்?"

"மெதுவா பேசுண்ணா, ரெண்டு பேரும் தூங்கறாங்க."

"ரெண்டு பேருமா?" கண் பழகியதும் நாகப்பன் தூளிக்குள் எட்டிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அடிப்பாவி, பொறந்ததுலருந்தே புள்ளைக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டியா? நான் நைட்டுலருந்து பகலுக்கு மாறினப்போ இருவது நாளு தூக்கமில்லாம ஊட்டுக்கூரைய எண்ணிகினு கெடந்தேன். இது பாவம், இன்னா பண்ணும்?"

விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். வடிவு கதவைப் பிடித்தபடி நின்றாள். அயனம்பாக்கத்தில் பகலெல்லாம் திறந்த வாசல், மாடு கத்தல், பால் வாங்க வருகிறவர்கள் கூச்சல். ஏழு மணிக்கெல்லாம் விளக்கணைத்துப் படுத்துவிடுவாள் கெங்கம்மாள் அண்ணி. இங்கே? பகலில் இந்தப் பிள்ளை என் குரலையாவது கேட்டிருக்குமா?

சாயங்காலம் சொன்னதற்குத் தசரதன் சிரித்தான். "மூணு மாசக் கொயந்தைக்கு மணி பாக்கத் தெர்யுமாடி?" ஆனாலும் சரி என்றான். புதன்கிழமை வடிவு சாக்கை எடுத்தாள், சத்தமாகப் பேசினாள், பாத்திரத்தை உருட்டினாள். பாப்பா சிணுங்கிச் சிணுங்கி விழித்துக் கிடந்தது. தசரதனும் புரண்டு புரண்டு விழித்துக் கிடந்தான். வியாழன் காலை நொண்டிக்கொண்டே வந்தான். ராத்திரி கண் செருகி வாளி சாய்ந்ததில், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு சொட்டு இரும்பு இறங்கியிருந்தது.

"ஒரு சொட்டோட போச்சு" என்றான்.

வடிவு சாக்கை மறுபடி ஜன்னலில் மாட்டினாள். ஒரே அறை. வெளிச்சம் விட்டால் புருஷனுக்குத் தூக்கமில்லை, அடைத்தால் பிள்ளைக்கு ராத்திரியில்லை. எதைத் திறப்பது, எதை மூடுவது?

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அரிசிக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பூங்காவனத்தின் கடைக்குப் போய்விட்டாள்.

"இன்னாடி, தொரத்திட்டானா?"

"இல்லக்கா. சாயங்காலம் வரிக்கும் இங்கயே குந்திக்கறேன். உனுக்கும் மாவாட்டித் தரேன்."

தினமும் போனாள். பஸ் வந்து நின்றது, லாரி அலறியது, கம்பெனிச் சங்கு ஊதியது. பாப்பா கீற்றுக் கொட்டகையின் கீழே வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. வடிவு மாவாட்டிக்கொண்டே அதனிடம் வாய் ஓயாமல் பேசினாள். தசரதன் வடிவைத் தள்ளிவைத்துவிட்டான் என்று வரிசை முழுக்கப் பேச்சு. ஒரு கிழவர் இட்லி தின்றுகொண்டே, "மனசு ஆறி ஊட்டுக்குப் போம்மா, ஆம்பள அப்பிடித்தான்" என்று புத்தி வேறு சொன்னார்.

ராத்திரியில் பல்பை அணைத்தாள். ஓட்டின் மேல் பூனை நடந்தாலும் திருடன் என்று உடம்பு விறைத்தது. ஆனாலும் அணைத்தே வைத்தாள். பலன்? முதல் ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கியது. மறு ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. அதற்கடுத்த ராத்திரி பாதி வரை தூங்கியது. சரியாகிறதா, கெட்டுப்போகிறதா, ஒன்றும் பிடிபடவில்லை.

சொன்ன வெள்ளிக்கிழமை மத்தியானம் கெங்கம்மாள் பையும் கையுமாக வந்தாள். வீட்டில் தசரதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தாயையும் பிள்ளையையும் காணோம். தேடிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தவள் கத்தினாள்.

"ஏண்டி, பச்சப்புள்ளய பொகைலயும் தூசிலயுமா போட்டு வெச்சிக்கிற? இதுக்கா நான் ரெண்டு வாரம் தவணை குடுத்தேன்?"

வடிவு எழுந்து நின்றாள். "இன்னிக்கி ராத்திரி ஊட்ல படுங்கண்ணி. உங்க கண்ணாலயே பாருங்க. தூங்கலன்னா காலைல நானே உங்க இடுப்புல குடுக்கறேன்." என்ன தைரியத்தில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ராத்திரி தசரதன் கிளம்பின பிறகு இருட்டில் மூன்று பேரும் படுத்தார்கள். பாப்பா பதினோரு மணி வரை சிணுங்கியது. கெங்கம்மாள் ஸ்விட்சைத் தேடி எழுந்தாள். "வேணாண்ணி" என்று வடிவு கையைப் பிடித்தாள். தட்டிக்கொண்டே இருந்தாள், எத்தனை நேரமோ. கை அசந்த ஒரு நேரத்தில் பார்த்தால், பாப்பா தூங்கிவிட்டிருந்தது. நாலு மணிக்கு ஒரு தரம் விழித்தது. பால் கொடுத்தாள். உறிஞ்சிக்கொண்டே மறுபடி தூங்கியது. கெங்கம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள், அசைவே இல்லை.

விடிந்ததும் கேட்டாள். "ஒரு தபா கூட எய்ந்துக்கலியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை தன்னிடமே தங்கிவிடும். வடிவின் நாக்கு இரண்டு பக்கமும் புரண்டது. "எய்ந்துச்சிண்ணி, நாலு மணிக்கு. பால் குட்சிட்டுத் தூங்கிட்ச்சு."

கெங்கம்மாள் பாயின் கோரையைப் பிய்த்தாள்.

"தெர்யும். முயிச்சிகினுதான் கெடந்தேன்." குரல் இறங்கியது. "என் ஊட்லயும் அந்நேரத்துக்கு எய்ந்துதானே குட்சிது. அசையாம தூங்குச்சின்னு நான்தான் சொன்னேன். நீயும் அரைத்தூக்கத்துல பால் குடுத்துட்டு மறந்துட்ட. நானும் சொல்லல."

கோபம் வருவதா, அழுகை வருவதா என்று வடிவுக்குத் தெரியவில்லை. கடைசியில் வந்தது வேறு பேச்சு. "ஒரு வாரம் இருந்துட்டுப் போங்கண்ணி. இருட்டுல தனியா படுக்க எனுக்கு பயமா கீது."

"மாடு?" என்றாள் கெங்கம்மாள். பிறகு தானே, "எதுத்தூட்டுப் பொன்னியம்மா கறந்துக்குவா" என்றாள்.

வாசலில் தசரதனின் சைக்கிள் சாய்ந்தது. உள்ளே வந்தவன் தூளியைப் பார்த்துத் திகைத்தான். "இன்னாடி, மணி ஏயாவப் போவுது, இது இன்னும் தூங்கிகினு கீது? எய்ப்பறதா, உட்றதா?"

தூங்குகிற பிள்ளையை எழுப்பக்கூடாது என்பார்கள். எழுப்பாவிட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும். வடிவு கெங்கம்மாளைப் பார்த்தாள். கெங்கம்மாள் வடிவைப் பார்த்தாள். மூன்று பேரும் தூளியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எது சரி என்று யாருக்கும் தெரியவில்லை.