திரும்ப வேண்டிய இடம்

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் பயிற்சி ஆசிரியைகள். தங்கியிருப்பதும் ஒரே அறையில். மாலையானால் நான் பாடத்திட்டம் எழுதுவேன், சார்ட் ஒட்டுவேன். அவளோ வந்த பஸ்ஸில் ஏறி ஊர் சுற்றப் போய்விடுவாள்.

"நாளைக்கு நம்ம கிளாஸைப் பாக்க காலேஜ்லேருந்து மேடம் வராங்கடி!" என்று ஒருநாள் கத்தினேன். "வரட்டுமே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் என் வண்ண சார்ட்டைப் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அடுத்து அவள் வெறுங்கையோடு வந்து, ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைக் கரும்பலகையில் வரைந்தாள். வகுப்பே கொந்தளித்தது. நாங்கள் வந்த நாள் முதல் வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் ஓடிவந்து சாக்பீஸைப் பிடுங்கினாள்.

"அங்க திரும்பக்கூடாது டீச்சர்! பாலத்துக்கு அடியிலதான் வரணும்!"

மேடமே கைதட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் தோளில் தட்டினேன். "வேணும்னேதானே தப்பாப் போட்ட? பலே கைகாரிடி நீ!"

"வேணும்னேவா? நேத்து வழி தெரியாம எவ்வளவு நேரம் சுத்தினேன் தெரியுமா? எங்க திரும்பியிருக்கணும்னு இப்பதான்டி புரிஞ்சுது!"