வீட்டுத் தரகர் எழுதாத சுவர்

வீட்டுத் தரகர் கிலோன்சோ வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டுப் பராமரிப்பு பற்றி வலைப்பூவில் எழுதுவார். எழுதியதும், தன்னிடம் வீடு வாங்கியவர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். நகுரு நகரில் அவர் மூலம் வீடு வாங்கிய ஜெரோனோ டீச்சர் ஒன்றுவிடாமல் படிப்பாள்.

"கட்டின புருஷன்கூட இவ்வளவு அக்கறையா விசாரிச்சதில்ல," என்பாள்.

"வித்த பிறகும் குழையறவனை நம்பாதடி," என்பான் கணவன் கிபிவோட்.

பெருமழை தொடங்கிய வாரம் சமையலறைச் சுவரில் விரிசல் கண்டது. அவளுடைய சேமிப்பு முழுக்க அந்த வீட்டில்தான் இருந்தது. என்ன செய்யலாம் என்று அவருடைய பழைய பதிவுகளைத் துழாவினாள். கூரை, கறையான், தண்ணீர்த் தொட்டி, வேலிச்செடி எல்லாம் இருந்தன. விரிசலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. மழை வந்தால் தரையே பிளக்கிற ஊரில் இதை எப்படி மறப்பார்? அவளுக்குச் சுருக்கென்றது. உடனே போன் போட்டாள்.

"கறையானுக்குக்கூட ஒரு வாரம் ஒதுக்கினீங்களே கிலோன்சோ, சுவர் விரிசலைப் பத்தி ஏன் எழுதவே இல்ல?"



"சமையலறையிலயா டீச்சர்?" என்றார் மெல்ல.

"எந்த அறைன்னு நான் சொல்லவே இல்லையே!"

அவர் ஏதோ இழுத்தார். அவள் விடவில்லை.

"நாளைக்கே இன்ஜினியரோட வாங்க. செலவு உங்களோடது. வரலேன்னா, இந்த வெள்ளிக்கிழமை குழுவுல உங்களுக்குப் பதிலா நான் எழுதுவேன்."